மணிக்கூலியை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்: வளைகுடா எண்ணெய் வயல் ஷட்டவுன் வேலை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
குடிபெயர்வோர் பாதுகாப்புத் தலைமை அலுவலர், வெளியுறவு அமைச்சகம், புது தில்லி
குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலர், சென்னை
ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, தமிழ்நாடு அரசு

ஐயா, அம்மையீர்,

"சவுதி ஷட்டவுன். 45 நாள். பைப் ஃபிட்டர், 6ஜி வெல்டர், ரிக்கர், ஸ்கஃபோல்டர். மணிக்கு 12 ரியால், 10 மணி நேர டூட்டி. சாப்பாடு, ரூம் ஃப்ரீ. ஒரிஜினல் பாஸ்போர்ட்டுடன் உடனே வரவும்."

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, கடலூர், கன்னியாகுமரி என்று வளைகுடாவுக்கு ஆள் போகும் மாவட்டங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம் இந்த மாதிரிதான் இருக்கும். ஷட்டவுன் என்பது பிளான்டை நிறுத்திவைத்துச் செய்யும் குறுகிய காலப் பராமரிப்பு வேலை; ரிக்கர் பாரம் தூக்குபவர், ஸ்கஃபோல்டர் சாரம் கட்டுபவர். தொகை மாறும், நாடு மாறும், வாசகம் மாறாது. பார்த்ததும் எந்த ஃபிட்டரும் மனக்கணக்குப் போடுவார். பத்து மணிக்கு 120 ரியால், நாற்பத்தைந்து நாளுக்கு 5,400 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்தாலும் 1,18,800 ரூபாய். ஒன்றரை மாதத்தில் லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும் என்ற இந்தக் கணக்கை நம்பித்தான் வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கட்டுகிறார்கள்.

சைட்டில் அதே 45 நாள் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். போய் இறங்கியதும் மெடிக்கல், சேஃப்டி இண்டக்‌ஷன், எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு) பயிற்சி, கேட் பாஸ். இதற்கு ஒன்பது நாள் என்று வையுங்கள். வேலை முடிந்து டிக்கெட் வரும்வரை கேம்பில் நான்கு நாள். இடையில் மணல் காற்று, கேஸ் அலாரம், பெர்மிட் கிடைக்காதது என்று இரண்டு நாள். மிச்சம் 30 நாள். அதிலும் சாப்பாட்டு நேரம் ஒரு மணி கழித்தால் நாளுக்கு 9 மணி. ஆக 270 மணி, 3,240 ரியால், 71,280 ரூபாய். பேசியதற்கும் வந்ததற்கும் 47,520 ரூபாய் வித்தியாசம். இந்தக் கணக்கில் யாரும் திருடியதாகக்கூட நாங்கள் வைக்கவில்லை. ஒழுங்காக நடக்கும் கம்பெனியிலேயே இப்படித்தான் முடியும். திருட்டும் சேர்ந்தால் எவ்வளவு குறையும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரே ஒரு விஷயம். தொழிலாளி விமானம் ஏறும்போது அவர் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் அந்த 12 ரியால் இருப்பதில்லை. மாதம் இவ்வளவு பேசிக் (அடிப்படைச் சம்பளம்), நாளுக்கு 8 மணி, வாரம் 6 நாள், ஓவர்டைம் அந்நாட்டுச் சட்டப்படி என்றுதான் அச்சாகியிருக்கும். மணிக்கூலி என்பது ஏஜென்டின் வாய்ச்சொல்லிலும், கொஞ்ச நாளில் அழிக்கப்படும் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலும் மட்டும் இருக்கிறது. சம்பளத் தகராறு வந்து தூதரகத்துக்குப் போனால் அங்கே பார்ப்பது ஒப்பந்தத்தைத்தான். வெளியுறவு அமைச்சகத்தின் புகார்த் தளமான மதத் போர்டலில் புகார் போட்டாலும் அதே கதை. "உங்கள் ஒப்பந்தப்படி 1,200 ரியால், அது வந்துவிட்டதே" என்று பதில் வரும்போது தொழிலாளியிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.

ஷட்டவுன் வேலை மாதச் சம்பளத்தில் அடங்காதது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ரிஃபைனரியையோ கேஸ் பிளான்டையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக நிறுத்தி, உள்ளே திறந்து, சுத்தம் செய்து, மாற்றி, மூடி, திரும்ப ஓட்டுவதுதான் ஷட்டவுன். ஜுபைல், ராஸ் தனூரா, யான்பு, ருவைஸ், ராஸ் லஃபான், மினா அல் அஹ்மதி எல்லாம் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். பிளான்ட் நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்குப் பெரும் நஷ்டம் என்பதால் இரவு பகல் இரண்டு ஷிப்ட், வாரம் ஏழு நாள். முப்பதிலிருந்து அறுபது நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவை, அதன்பின் ஒருவரும் தேவையில்லை. அதனால்தான் மணிக்கணக்கு. இந்த முறை தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல கை உள்ள வெல்டருக்கும் ரிக்கருக்கும் மணிக்கூலிதான் லாபம். ஆனால் மணிக்கூலியில் எல்லாம் ஒரு கேள்வியில் தொங்குகிறது: மணி எப்போது ஓட ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது?

ஒரு சாதாரண ஷட்டவுன் நாள். காலை 3:45-க்கு கேம்பில் எழுந்து 4:30-க்கு பஸ். கேட்டில் வரிசை, பாஸ், விரல் ரேகை. ஆறு மணிக்கு டூல்பாக்ஸ் டாக், அதாவது அன்றைய வேலையும் ஆபத்தும் பற்றிய பேச்சு. அதன்பின் பெர்மிட்டுக்குக் காத்திருப்பு. ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் போல் தீப்பொறி வரும் வேலைக்கான அனுமதி) கையெழுத்தாக வேண்டும் என்றால் ஆபரேஷன் ஆள் வந்து தகடு வைத்து அடைத்த பைப்புகளின் பட்டியலை (பிளைண்ட் லிஸ்ட்) சரிபார்க்க வேண்டும், கேஸ் டெஸ்டர் வந்து மீட்டரை விட வேண்டும். வெசலுக்குள், அதாவது பிளான்டின் பெரிய கலத்துக்குள், இறங்கும் வேலையானால் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் இருக்கக் கூடாது, எரியும் வாயுவின் அளவு (எல்.இ.எல்.) பூஜ்யம் காட்ட வேண்டும், எச்டூஎஸ் 10 பிபிஎம்முக்குக் கீழ் இருக்க வேண்டும். வாசலில் காவலுக்கு ஹோல் வாட்ச் ஆள் நிற்க வேண்டும், சாரத்தில் ஏறலாம் என்று காட்டும் பச்சை டேக் தொங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பெர்மிட் இல்லை. பெர்மிட் ஒன்பது மணிக்கு வரும், பதினொன்றுக்கும் வரும். அதுவரை ஃபிட்டரும் வெல்டரும் ஷெட்டில் உட்கார்ந்திருப்பார்கள். தாமதம் அவர்கள் செய்தது அல்ல. பெர்மிட் இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால் அன்றே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மாலை டைம் ஷீட் எழுதும்போது சில ஃபோர்மேன்கள் "ஒர்க்கிங் ஹவர்ஸ் 6" என்று போடுகிறார்கள். பெர்மிட்டுக்காகக் காத்திருந்த மூன்று மணி அங்கேயே போய்விடுகிறது. கேம்பிலிருந்து சைட்டுக்கு ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிளான்டுக்குள் அலாரம் அடித்து எல்லோரும் மஸ்டர் பாயின்டுக்கு (ஆபத்தின்போது கூடும் இடம்) ஓடினால், அங்கே நின்ற நேரமும் சிலருக்கு வெட்டு. ஹாட் ஒர்க் முடிந்தபின் நெருப்புப் பொறி எங்காவது புகைகிறதா என்று ஃபயர் வாட்ச் ஆள் அரை மணி நேரமாவது அங்கேயே நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அந்த அரை மணிக்குக்கூடக் கூலி மறுக்கும் இடங்கள் உண்டு. பாதுகாப்புக்காகச் செலவாகும் நேரத்தைத் தொழிலாளியின் கூலியில் பிடித்தால் நாளைக்கு அவர் பாதுகாப்பைத்தான் சுருக்குவார். எச்டூஎஸ் இருக்கும் பிளான்டில் அப்படிச் சுருக்கினால் உயிர் போகும்.

இந்த டைம் ஷீட்டை எதிர்த்துக் கேட்க ஆதாரம் வேண்டுமல்லவா? சாதாரண மொபைலை ஹைட்ரோகார்பன் பகுதிக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. பொறி பற்றும் என்பதால் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே ஷீட்டைப் படம் எடுக்க முடியாது. நகல் கேட்டால் தருவதில்லை. பெரும்பாலும் பத்து இருபது பேர் பெயர் உள்ள ஒரே தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். சில இடங்களில் மணி எழுதும் கட்டம் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பத்து மணி வேலை செய்த ஆள் காலிக் கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறார், ஏனென்றால் பஸ் போய்விட்டால் கேம்புக்கு வேறு வழி இல்லை. அந்தக் கட்டத்தில் என்ன எண் விழுந்தது என்பது செட்டில்மென்ட் அன்றுதான் தெரியவரும்.

அடுத்தது ஓவர்டைம். சவுதி தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் அந்த மணியின் கூலியோடு பேசிக்கில் 50 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். அமீரகத்திலும் கத்தாரிலும் குவைத்திலும் சாதாரண ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூடுதல். "ஃபிளாட் ரேட்" என்ற பெயரில் ஷட்டவுன் ஏஜென்ட்கள் விற்பது இந்தக் கூடுதலை அப்படியே விழுங்கிய கூலி. கூலி முழுதும் பேசிக் என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 9 ரியால் ஃபிளாட்டில் ஒருவர் மாதம் 30 நாளும் பத்துப் பத்து மணி உழைத்தால் 2,700 ரியால். சட்டப்படி 26 நாளில் தினமும் கடைசி இரண்டு மணிக்கு 13.50 வீதமும், வாரத்தின் ஏழாம் நாளான நான்கு வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்கும் 13.50 வீதமும் போட்டால் 3,114 ரியால். ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு 414 ரியால் காணாமல் போகிறது. ஒப்பந்தத்தில் மணிக்கூலியே எழுதப்படாததால், எதன்மேல் 50 சதவீதம் என்று கேட்கக்கூட வழி இல்லை.

சப்ளை முறையைச் சொல்லாமல் இந்தப் பிரச்சினை விளங்காது. பிளான்ட் உரிமையாளர் ஒருவர், அவரிடம் ஷட்டவுன் எடுத்த பெரிய கான்ட்ராக்டர் ஒருவர், அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்டர், அவருக்கு ஆள் கொடுக்கும் சப்ளை கம்பெனி. தொழிலாளியின் விசா கடைசியில் இருப்பவரிடம். வேலை வாங்குவதும் டைம் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும் மேலே இருப்பவர்கள். பில் பணம் மேலிருந்து இறங்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். ஷட்டவுனோ ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே சப்ளை கம்பெனி என்ன செய்கிறது? கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, டிக்கெட்டைக் கொடுத்து, "பேலன்ஸை பேங்கில் போடுகிறோம்" என்று சொல்லி விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறது. ஊருக்கு வந்தபின் அந்த நம்பர் எடுப்பதில்லை. ஏஜென்டைக் கேட்டால் அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்கிறார். அமீரகத்தில் 2009-லும் சவுதியில் 2013-லும் கத்தாரில் 2015-லும் சம்பளத்தை வங்கி வழியாகவே போடச் செய்யும் ஊதியப் பாதுகாப்பு முறை வந்தது உண்மை. மாதக் கணக்கில் தங்கி வேலை செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. குறுகிய கால விசாவில் போய் கையில் பணம் வாங்கும் ஷட்டவுன் ஆள் அந்தப் பதிவுக்குள் வருவதே அரிது.

விசா விஷயத்தில் இன்னொன்று. ஆள் அவசரமாக வேண்டும் என்றால் சிலர் விசிட் விசாவிலோ பிசினஸ் விசாவிலோ ஏற்றிவிடுகிறார்கள். வேலை விசா இல்லாமல் போய் வேலை செய்தால் அந்நாட்டுச் சட்டப்படி தொழிலாளியும் குற்றவாளி. சம்பளம் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் போகவும் பயப்படுவார். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்று நீங்கள் எச்சரிக்கை வெளியிடுகிறீர்கள். தாளில் எந்த விசா என்று அரபியில் இருப்பதை சிவகங்கை கிராமத்திலிருந்து கிரைண்டர் வேலைக்கு (உலோகம் தேய்க்கும் வேலை) போகிறவர் எப்படிப் படிப்பார்? ஆளை அனுப்பும் ஏஜென்டுக்கு அது தெரியும். எச்சரிக்கையும் தண்டனையும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இனிமேல்தான். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் எமிகிரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி) கட்டாயம் என்பது, பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாத இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்கு, 18 நாடுகளுக்கு. பத்தாவது தேறியவருக்கு இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட், கிளியரன்ஸ் தேவையில்லை. ஷட்டவுனுக்குப் போகும் வெல்டர், ஃபிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், ஹைட்ராலிக் டார்க் டெக்னீஷியன் பலரும் ஐ.டி.ஐ. படித்தவர்கள். அதனாலேயே அவர்கள் ஒப்பந்தம் உங்கள் இ-மைகிரேட் தளத்தில் பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. பத்தாவது படித்தவருக்கு ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்ளத் தெரியும் என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடாக இருக்கலாம். படிக்கத் தெரிந்தாலும் தாளில் மணிக்கூலியே எழுதப்படாதபோது எதைப் படிப்பது? பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடு இருக்கிறது. மிகக் குறைந்த பிரீமியம், நல்ல திட்டம். கிளியரன்ஸ் வழியாகப் போகிறவருக்கு அது கட்டாயம். முப்பது மீட்டர் உயர டவருக்குள் இறங்கித் தட்டுகளை (டிரே) கழற்றும் இ.சி.என்.ஆர். ஃபிட்டருக்கு அப்படி யாரும் கேட்டு வாங்கிக் கொடுப்பதில்லை.

2018 நவம்பரில் இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி எடுத்தீர்கள். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட்காரர்களும் 2019 ஜனவரி 1 முதல், புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகவாவது பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் இறக்கிவிடப்படுவார்கள் என்று அறிவித்தீர்கள். எதிர்ப்பு வந்தது, அந்த மாதம் முடியும் முன்பே நிறுத்தி வைத்தீர்கள். எதிர்ப்பு நியாயமானது. பிழைக்கப் போகிற ஆளை வாசலில் மறிப்பது பாதுகாப்பு ஆகாது. ஆனால் பதிவு வேண்டும் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கைவிட்டிருக்கக் கூடாது. பதிவு செய்யும் கடமையைத் தொழிலாளி மேல் வைக்காமல், அவரிடம் பணம் வாங்கிய ஏஜென்ட் மேல் வைத்திருந்தால் சிக்கலே வந்திருக்காது.

அதேபோல் குறைந்தபட்ச பரிந்துரைச் சம்பளம், அதாவது இதற்குக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று நீங்கள் வைக்கும் வரம்பு. 2020 செப்டம்பரில் வளைகுடா நாடுகளுக்கு அதைக் குறைத்தீர்கள். தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது, 2021-ல் பழையபடி மாற்றினீர்கள். அந்தப் பட்டியலில் எல்லாமே மாதக் கணக்கு. நாளுக்குப் பத்து மணி, வாரம் ஏழு நாள் என்று போகும் வேலைக்கு மாதம் இவ்வளவு என்ற எண் எதையும் அளக்காது.

ஆள் எடுக்கும் முன் கைத்திறன் பார்க்கும் டிரேட் டெஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மணிக்கூலி பாதியாகக் குறைவது பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது. இங்கே டெஸ்ட் சென்டரில் 6 அங்குலம் ஷெட்யூல் 40 (பைப் சுவரின் கனத்தைக் குறிக்கும் எண்) கார்பன் ஸ்டீல் பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டுவார்கள். அதுதான் 6ஜி. பெவல் (விளிம்புச் சாய்வு) முப்பத்தேழரை டிகிரி, ரூட் கேப் (இரு பைப்புக்கு நடுவே இடைவெளி) இரண்டரையிலிருந்து மூன்று மி.மீ. அடி வெல்டான ரூட்டை டிக் (ஆர்கான் வாயு வெல்டிங்) முறையில் போட வேண்டும், அதன்மேல் ஃபில்லிங்கும் கேப்பிங்கும் 7018 ராடில். 7018 ஈரம் இழுக்கும் ராடு. சுட்டு எடுத்து, குவிவர் என்ற சூட்டுப் பெட்டியில் சூடாகவே வைத்துப் பயன்படுத்த வேண்டும். பல சென்டர்களில் திறந்து கிடக்கும் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில் போரோசிட்டி (வெல்டுக்குள் வாயுத் துளை) விழுந்தால் வெல்டர் ஃபெயில். பாஸானவர் சைட்டுக்குப் போனால் அங்கே கேட்பது வேறு. 2 அங்குலம் ஷெட்யூல் 160 முழுக்க டிக்கில் கேட்பார்கள், அல்லது 316எல் ஸ்டெயின்லெஸ் பைப்பைக் கொடுப்பார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் பைப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பாமல் (பர்ஜிங் விடாமல்) ரூட் போட்டால் உள்பக்கம் சர்க்கரை பொரிந்தது போல் கருகிவிடும். பர்ஜிங் பழகாத கை அங்கே முதல் கூப்பனிலேயே (டெஸ்ட் துண்டு) தோற்கும். தோற்றவரை மணிக்கு 12 ரியால் வெல்டர் என்ற இடத்திலிருந்து 7 ரியால் கிரைண்டராக இறக்குவார்கள், அல்லது சொந்தச் செலவில் ஊருக்குப் போ என்பார்கள். சைட்டின் வெல்டிங் புரொசீஜர் என்ன, எந்த மெட்டல், எந்த சைஸ் என்பது ஆள் கேட்ட கம்பெனிக்கு முன்பே தெரியும். அதை ஏஜென்டிடம் கொடுத்து அதே கூப்பனில் இங்கே டெஸ்ட் வைத்தால் யாரும் ஏமாற வேண்டியதில்லை. ஃபிட்டருக்கும் இதே நிலை. இங்கே ஒரு பிளேட்டை அறுத்து ஃபைல் பண்ணச் சொல்லி பாஸ் போட்டு அனுப்புகிறார்கள். அங்கே ஐசோமெட்ரிக் டிராயிங்கைக் கொடுத்து 45 டிகிரி ஆஃப்செட்டுக்கு பைப் நீளம் கேட்பார்கள். ஆஃப்செட்டை 1.414-ஆல் பெருக்கி எல்போ (வளைவுத் துண்டு) எடுத்துக்கொள்ளும் நீளத்தை (டேக்-ஆஃப்) இரண்டு பக்கமும் கழிக்கத் தெரியாதவர் அன்றைக்கே ஹெல்பர்.

பணம் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 35,400. ரசீது தர வேண்டும். சவுதிச் சட்டப்படி ஆள் கொண்டுவரும் செலவும் இக்காமா (குடியிருப்பு அனுமதி), ஒர்க் பெர்மிட் கட்டணமும் முதலாளியுடையது. நடப்பில் சப் ஏஜென்டுக்கு ஒன்று, மெயின் ஏஜென்டுக்கு ஒன்று, "சர்வீஸ் சார்ஜ்" ஒன்று என்று ரசீதில்லாமல் போகிறது. இரண்டு ஆண்டு வேலைக்கும் 45 நாள் வேலைக்கும் ஒரே உச்ச வரம்பு என்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. மேலே போட்ட கணக்கில் 71,280 ரூபாய் வரும் ஆள், சட்டப்படி மட்டும் கட்டினாலே அதில் பாதியை ஏஜென்டிடம் விட்டுவிடுகிறார்.

வெயில் நேரத் தடை நல்ல சட்டம். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3:30 வரை வெளியில் வேலை கூடாது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஓய்வு. மணிக்கூலிக்காரருக்கு ஐந்தரை மணி நேரக் கூலி வெட்டு. குறைந்தபட்ச மணி உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் உயிர் காக்கும் விதியே சோற்றைப் பறிக்கிறது.

1983 சட்டத்துக்கு மாற்றாக 2021-லும் 2025-லும் வரைவு மசோதாக்களை வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். புதிய சட்டமோ விதியோ எது வந்தாலும், வருவதற்கு முன்பே சுற்றறிக்கையாகவும், கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மணிக்கூலி பேசி ஆள் எடுக்கும் எந்த வேலைக்கும் தனி ஒப்பந்தப் படிவம் வேண்டும். அதில் மணிக்கு எவ்வளவு, எந்தெந்த மணிக்கு ஓவர்டைம், ஓவர்டைம் ரேட் என்ன என்று எண்ணாலேயே எழுத வேண்டும். "அந்நாட்டுச் சட்டப்படி" என்ற வரியை ஏற்கக் கூடாது. மணி எங்கே தொடங்குகிறது என்று எழுத வேண்டும். பிளான்ட் கேட்டில் பாஸ் அடித்த நேரத்திலிருந்து வெளியே அடித்த நேரம் வரை, சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக, என்பதே எங்கள் கோரிக்கை. பெர்மிட் காத்திருப்பு, அலாரம், ஃபயர் வாட்ச் எல்லாம் அதற்குள் அடங்கும். சாப்பாட்டு நேரத்தைக் கழிப்பதை நாங்கள் மறுக்கவில்லை. கழித்த பிறகு வரும் மணியைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும்.

போய் இறங்கிய நாளிலிருந்து திரும்ப ஏறும் நாள் வரை, வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நாளுக்கு 8 மணிக் கூலி உத்தரவாதம் வேண்டும். கேட் பாஸ் தாமதத்துக்கும் டிக்கெட் தாமதத்துக்கும் தொழிலாளி பொறுப்பல்ல.

தினசரி டைம் ஷீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் துண்டுச் சீட்டு, கார்பன் நகலுடன், அன்றைக்கே கையில் தரப்பட வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்குங்கள். பெரிய செலவில்லை, ஒரு ரசீதுப் புத்தகம் போதும். அந்த நகலைத் தூதரகமும் மதத் போர்டலும் ஆதாரமாக ஏற்க வேண்டும்.

இந்த ஒப்பந்தங்களை இ.சி.ஆர்., இ.சி.என்.ஆர். வேறுபாடின்றி ஏஜென்ட்தான் இ-மைகிரேட்டில் பதிவேற்ற வேண்டும். பதிவேற்றாவிட்டால் ஏஜென்டின் பதிவு ரத்து. தொழிலாளியை விமான நிலையத்தில் மறிக்கக் கூடாது. பதிவாகும்போதே பீமா யோஜனா காப்பீடும் சேர்ந்து எடுக்கப்பட வேண்டும், பிரீமியம் ஏஜென்டின் செலவு.

முழு செட்டில்மென்ட் ஆகாமல் ஆளை ஏற்றி அனுப்பும் சப்ளை கம்பெனிக்கு அடுத்த முறை இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க அனுமதி தராதீர்கள். பாக்கியை இங்குள்ள ஏஜென்டின் வங்கி உத்தரவாதத் தொகையிலிருந்து பிடித்துக் கொடுங்கள்.

சேவைக் கட்டணத்துக்கு ஒப்பந்தக் காலத்தைப் பொறுத்த வரம்பு வையுங்கள். 90 நாளுக்குக் குறைந்த வேலையானால் தொழிலாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடம் இரண்டு கோரிக்கைகள். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் அரசின் கையில் இருக்கிறது. ஷட்டவுன் ஆட்களை நேரடியாக எடுத்து அனுப்பும் ஒரு பிரிவை அதில் தொடங்குங்கள். சீசன் தெரிந்ததுதான். திட்டமிட்ட ஷட்டவுன்களில் பெரும்பாலானவை வெயில் தணிந்த மாதங்களில் வருகின்றன, மழைக்காலம் தொடங்கும் முன்பே ஆள் சேர்க்கத் தொடங்கலாம். அடுத்தது, மாவட்டத்துக்கு ஒரு அரசு ஐ.டி.ஐ.யில் சைட் புரொசீஜர்படி 6ஜி, ஸ்டெயின்லெஸ் பர்ஜிங், ஐசோமெட்ரிக், ஃபிளேன்ஜ் போல்ட் டைட்டனிங் டெஸ்ட் வைத்து, எந்தக் கூப்பனில் எப்படிச் செய்தார் என்ற விவரத்தோடு வெல்டின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் தொழிலாளி கையில் கொடுங்கள். ராடை சூடாக வைக்க ஒரு ஓவன் வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த ஷட்டவுன் சீசனுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் வரும் முன், குறைந்தபட்சம் ஒப்பந்தப் படிவத்தையாவது மாற்றி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்று எழுத்து மூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வளைகுடா ஷட்டவுன் வேலைக்குப் போய்வரும் ஃபிட்டர்கள், வெல்டர்கள், ரிக்கர்கள், டைம் கீப்பர்கள்